மரம் விழுந்தது என்பதற்கு இங்கிலீஷ்

எங்கள் ஹெட் கிளார்க்குக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க இதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் ஒரே ஒரு தடவை சொல்லப் பார்த்தேன். அதையும் பாதியில் விட்டேன். அப்படி விட்டதால் ஒரு வண்டிக்காரர் ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார்.

தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரத்தில் இருந்தது அந்த சப் மாஜிஸ்திரேட் கச்சேரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மேற்கே மலையைத் துளைத்துக்கொண்டு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து மெட்ரிகுலேஷன் தேறியவன். கச்சேரியில் எனக்கு நகல் குமாஸ்தா வேலை. மற்றவர்கள் கிறுக்கி வைத்ததை அழகாகத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மூளை வேண்டாத வேலை. மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

ஹெட் கிளார்க், மெட்ரிகுலேஷனுக்கு மேலே இரண்டு வருஷம் படித்து எழுதும் எஃப்.ஏ. பரீட்சைக்கு இரண்டு தடவை போனவர். தேறவில்லை. ஆனால் போனதையே பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு, மாஜிஸ்திரேட் வருவதற்கு அரைமணி முன்னால் எங்கள் நாலு குமாஸ்தாக்களையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்து இங்கிலீஷ் வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொல்வார். அதற்கென்று ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தார். குழப்பம் தரும் வினைகளை இரண்டிரண்டாக எழுதி, பக்கத்தில் விதியும் எழுதியிருப்பார். விதிகள் அவரே கண்டுபிடித்தவை.

அவருக்குச் சரியாகத் தெரிந்த விதி ஒன்றே ஒன்றுதான். படத்தை மாட்டுவதற்கும் மனிதனைத் தூக்கில் போடுவதற்கும் இங்கிலீஷில் ஒரே வினை: ஹேங். ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது படத்துக்கு 'ஹங்', மனிதனுக்கு 'ஹேங்டு'. கோர்ட்டு வேலையில் இருந்தவராதலால் இது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அந்தப் பாஷை முழுவதையும் அளந்துவிட்டார்.

"இங்கிலீஷ்லயும் உயர்திணை அஃறிணை உண்டு வே," என்பார். "வெள்ளக்காரனுக்கே அது தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சேன்."

இப்படித்தான் எல்லாம் நடந்தது. கிடப்பதற்கு லை, கிடத்துவதற்கு லே என்று பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகள் படிக்கிறார்கள். அவர் புத்தகத்தில், மனிதன் கிடந்தால் லை, பொருள் கிடந்தால் லே. எழுவதற்கு ரைஸ், எழுப்புவதற்கு ரெய்ஸ். அவர் புத்தகத்தில், ஆள் எழுந்தால் ரைஸ். விலை, புழுதி, தண்ணீர் எழுந்தால் ரெய்ஸ். அவர் உரக்க 'லே' என்று ஒப்பிக்கும்போதெல்லாம் வாசலில் இருந்த பியூன், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று "இன்னா வாரேன் ஐயா" என்று உள்ளே ஓடிவருவார். ஒரு வாரம் இது நடந்தது. பிறகு அவர் பழகிக்கொண்டு, உண்மையாகக் கூப்பிட்டாலும் வராமல் இருந்துவிட்டார். அந்தக் கச்சேரியில் இந்தப் பாடத்தால் பலன் அடைந்தவர் அவர் ஒருவரே.

ஒரு கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். தாமிரபரணி உயர்திணையா அஃறிணையா என்று ஹெட் கிளார்க் ஒரு காலைப்பொழுது முழுக்க யோசித்தார். தாய் என்று கும்பிடுகிறோம், ஆகவே உயர்திணை என்று முடிவுசெய்து, ஆறு 'ரோஸ்', அதாவது தானே எழுந்தது, என்று எழுதினார். தப்பான காரணத்துக்காகச் சரியான சொல். அதே கடிதத்தில், யாரும் கும்பிடாத குளத்துத் தண்ணீர் 'வாஸ் ரெய்ஸ்டு' ஆயிற்று. குளத்தை உயர்த்தியது யார் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் 'மழை' என்று பதில் எழுதினார்.

நான் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள். "நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியதுதான" என்பாள். அவருக்கா, நானா என்பேன். அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேவலமாக இருந்தது. அவர் இப்படியே எழுதி எழுதி என்றாவது ஒருநாள் பெரிய இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

இத்தனைக்கும் இந்த வித்தியாசம் தமிழனுக்குத் தெரியாத வித்தியாசமா? விழுந்தான், வீழ்த்தினான். எழுந்தான், எழுப்பினான். கிடந்தது, கிடத்தினான். தானாக நடந்ததா, ஒருவன் செய்ததா என்பதை நம் பாஷையில் வினையே சொல்லிவிடும். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்குக்கூட 'பானை உடைஞ்சுட்டு' என்பதற்கும் 'பானைய உடைச்சுட்டா' என்பதற்கும் நடுவே ஒரு தெருச்சண்டை இருக்கிறது என்று தெரியும். அவள் ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டாள். எஃப்.ஏ.க்கு இரண்டு தடவை போனவர்தான் மாற்றிச் சொல்வார்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில், ஆற்றோரச் சாலையில் நின்ற பழைய மருதமரம் ஒன்று விழுந்தது. சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தை முதலில் கண்டவர் ஒரு வண்டிக்காரர். நாற்பது வயதிருக்கும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர். வண்டிக்கு அடியில் எப்போதும் ஒரு கோடாலி கட்டியிருப்பார். கொப்புகளை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். திரும்பி வரும்போது அந்தக் கொப்புகளை விறகுக்கென்று வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். செய்தது இவ்வளவுதான்.

சாலை மரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோடு மேஸ்திரி இருந்தார். மரம் அடியில் மக்கிப் போயிருந்ததைக் கவனிக்காமல் விட்ட பழி தன்மேல் வரும் என்று பயந்து, முறிந்த இடத்தை மறுநாளே அறுத்து மட்டமாக்கிவிட்டு, வண்டிக்காரர் சர்க்கார் மரத்தை வெட்டிச் சாய்த்தார் என்று பிராது கொடுத்தார். ஊருக்கே உண்மை தெரியும். சாட்சி சொல்லத்தான் யாரும் வரவில்லை.

விசாரணை அன்று நான் கச்சேரியில் இருந்தேன். வண்டிக்காரர் கூண்டில் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் வாரதுக்கு முன்னாலயே மரம் விழுந்து கெடந்துச்சு எசமான். வண்டி போவ வழியில்ல. தாரு கெடந்தா கறுத்துப் போவும். அதனால கொப்ப வெட்டி ஒதுக்கினேன். கொப்பக் கொண்டு போனது தப்புன்னா தப்புதான். மரத்த நான் தொடல. அது தானா விழுந்துட்டு."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எழுதுகிற குமாஸ்தா அதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டார். மாஜிஸ்திரேட் ஒரு மாதம் தண்டனை போட்டார். அவர் கெட்டவர் அல்ல, சோம்பேறி. விடுதலை செய்தால் ஏன் என்று மேலிடத்தில் கேட்பார்கள், தண்டித்தால் கேட்கமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவர். நியாயம் வேண்டுமானால் அப்பீலில் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்.

வண்டிக்காரர் ஜாமீனில் வெளியே இருந்துகொண்டு அப்பீல் செய்தார். அப்பீலைக் கேட்கவேண்டியவர் ஒரு வெள்ளைக்கார துரை. அவர் தமிழில் பரீட்சை தேறியவர்தான். குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லும் அளவுக்குத் தமிழ் வரும். ஆகவே வாக்குமூலத்தை இங்கிலீஷில் பெயர்த்து அனுப்பவேண்டும். பெயர்ப்பது ஹெட் கிளார்க் வேலை. அதை நல்ல காகிதத்தில் எழுதுவது என் வேலை.

அவர் எழுதிய தாள் என் மேஜைக்கு வந்தது. மரம் விழுந்து கிடந்தது என்ற இடத்தில், 'மழையில் மரம் வாஸ் ஃபெல்டு, சாலையில் வாஸ் லேயிங்' என்று இருந்தது. வண்டிக்காரர் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களை, முன்னால் சொன்னதேதான் என்று அவர் விட்டுவிட்டிருந்தார்.

படிக்கிறவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். ஃபால் என்றால் விழு. விழுந்தது என்பதற்கு ஃபெல். இதே உச்சரிப்பில் இன்னொரு வினை உண்டு: அந்த ஃபெல்லுக்கு வெட்டிச் சாய் என்று அர்த்தம். மரம் 'வாஸ் ஃபெல்டு' என்றால் மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டது. வேறு அர்த்தம் கிடையாது. லேயிங் என்பதும் தப்புதான். லையிங் என்று இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தப்பால் யாருக்கும் சேதமில்லை.

நான் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சார், இந்த எடத்துல ஃபெல் இல்லையா? மரம் தானா விழுந்துட்டுன்னுதான அவரு சொல்லியிருக்காரு."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தானா விழுந்தா என்ன, தள்ளி விழுந்தா என்ன? மரம் மரந்தான வே. மனுஷன் விழுந்தா ஃபெல். மரம் விழுந்தா ஃபெல்டு. காட்டிலாகாக் கடுதாசி எத்தன பாத்திருக்கேன். ஒண்ணுலயாவது மரத்துக்கு ஃபெல்டு இல்லாம வேற உண்டுமா?"

"காட்டிலாகாவுல மரத்த வெட்டுதாவ சார். அதனாலதான்—"

"நீரு எம்புட்டுப் படிச்சிருக்கீரு?"

"மெட்ரிகுலேஷன்."

"நான் எஃப்.ஏ.க்கு ரெண்டு தடவ போனவன். போயி பைய எழுதும். மசி சிந்தாம எழுதும்."

மற்ற மூன்று குமாஸ்தாக்களும் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தார்கள். நான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

இந்த இடத்தில் நான் பயந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் படிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்படுவார்கள். பயம் இல்லை. அவர் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் அல்ல. கையெழுத்தின் அழகைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். ஒரு சொல்லையும் கடைசி இரண்டு எழுத்தையும் நான் விட்டுவிட்டு எழுதியிருந்தால் மரம் தானாக விழுந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். பேனாவை மசியில் தோய்த்துக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தேன். யோசித்தது வண்டிக்காரரைப் பற்றி அல்ல. இரண்டு தப்பும் ஒரே வரியில் இருக்கின்றன, படிக்கப்போகிறவர் வெள்ளைக்காரர், அந்தப் பாஷைக்கே சொந்தக்காரர், பார்த்த உடனே கண்டுபிடித்து இந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன். என் கையாலேயே திருத்தி அவர் மானத்தைக் காப்பாற்றுவானேன் என்று நினைத்தேன். இரண்டு தப்பையும் அப்படியே, அழகாக, மசி சிந்தாமல் எழுதினேன்.

துரை அப்போது சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஆற்றங்கரை மாந்தோப்பில் கூடாரம் போட்டு அங்கேயே வழக்குகளைக் கேட்டார். காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு என்னை அனுப்பினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. ஹெட் கிளார்க் மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன்.

துரைக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேஜைமேல் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. நான் எழுதிய தாளை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார். அந்த வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவர் 'லேயிங்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் 'லையிங்' என்று எழுதினார். லேசாகச் சிரித்துக்கொண்டார். பிறகு பென்சில் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

'வாஸ் ஃபெல்டு' என்பதில் இலக்கணப்பிழை இல்லை. அவர் கண்ணில் பட்டது இலக்கணப்பிழை மட்டும்தான். ஒரு மனிதன் பொய்யாகப் பேசவைக்கப்பட்டிருந்தாலும், சொற்கள் வரிசையாக நின்றால் அவருக்குப் போதும். நான் இவ்வளவு நாளும் எந்தப் பாஷைக்காரர்களை நம்பிக்கொண்டிருந்தேனோ அவர்கள் லட்சணம் அதுதான்.

வண்டிக்காரர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். மேலே சொல்ல ஏதும் உண்டா என்று துரை தன் முகாம் குமாஸ்தாவைக் கேட்கச் சொன்னார். குமாஸ்தா அவரைப் பார்த்து, "என்னலே, இன்னும் ஏதும் சொல்லணுமா?" என்றார்.

"நான் சொன்னதெல்லாம் எழுத்துல இருக்கு எசமான். அதப் பாத்துத் தொரை நல்லபடியாச் சொன்னாப் போதும்."

நான் மூன்று முழ தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் நன்றாக வருமே. அந்த நகல் என் கையெழுத்து என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெரிந்தே ஏன் எழுதினாய் என்று துரை கேட்டால் என்ன சொல்வது? மாந்தோப்பில்தான் எனக்குப் பயம் வந்தது.

தீர்ப்பு அரைப்பக்கம்தான். அப்பீல் மனுவில் மரம் தானாக விழுந்தது என்று எழுதியிருப்பது பிறகு யோசித்துச் சேர்த்த கதை. வாக்குமூலத்தில் மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டதாக இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தான் வருவதற்கு முன்பே வெட்டப்பட்டது என்றால், கோடாலி இவரிடம்தான் இருந்தது. அங்கே வேறு யாரும் இல்லை. அப்பீல் தள்ளுபடி. அங்கிருந்தே அவரைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கூட்டிப்போனார்கள். போகும்போது வண்டியையும் மாடுகளையும் தன் மைத்துனரிடம் விடச்சொல்லி ஆளனுப்ப முடியுமா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். அதைச் செய்தேன். அந்த வழக்கில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

காகிதக் கட்டு கச்சேரிக்குத் திரும்பியது. சிவப்பு வட்டத்தைப் பார்த்து ஹெட் கிளார்க் முகம் வெளுத்துப் போனது. மறுநாள் காலை எங்களை வழக்கம்போல நிற்கவைத்து, பொருள் கிடந்தாலும் லையிங்தான் என்று ஐம்பது தடவை சொல்லவைத்தார். தாம் செய்த தவறுக்கு வருந்தி துரைக்கு ஒரு கடிதமும் எழுதினார். அதையும் நான்தான் நகல் எடுத்தேன். துரைக்கு அந்தப் பணிவு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் ஹெட் கிளார்க்குக்கு ஜில்லாத் தலைநகரில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. வண்டிக்காரர் ஜெயிலுக்குப் போனது பற்றி ஹெட் கிளார்க்குக்கு நினைப்பே வந்ததாகத் தெரியவில்லை. ஃபெல்டு என்பதைத் துரையே படித்துவிட்டு வட்டம் போடவில்லையே, இப்போது என்ன சொல்லுகிறீர் என்று மட்டும் ஒருநாள் என்னைக் கேட்டார்.

ஜெயிலிலிருந்து வந்ததும் வண்டிக்காரர் கச்சேரிக்கு வந்தார். மெலிந்திருந்தார். அவர் ஏற்றிக்கொண்டிருந்த வாழைத்தார் சுமை வேறு வண்டிக்குப் போய்விட்டிருந்தது. மனுப்போட்டு வாக்குமூலத்தின் நகலை வாங்கிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஐயா, இந்த இங்கிலீஷ்ல நான் என்ன சொல்லியிருக்கேன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

ஹெட் கிளார்க் உள்ளே இருந்தார். நான் தாளை வாங்கினேன். என் கையெழுத்து. சிவப்பு வட்டம் நகலில் வராது. அது மூலத்தில்தான் இருந்தது. மெதுவாக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தபோது, "நான் வாரதுக்கு முன்னாலேயே மரம் தானா விழுந்து கெடந்துச்சு" என்று வாசித்தேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்போ சரியாத்தான எழுதியிருக்காவ."

"ஆமா."

"நான் உள்ள இருக்கும்போது பூரா, இவ்வொ ஏதோ மாத்தி எழுதிட்டாவன்னுதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். உங்களத்தான் சந்தேகப்பட்டேன் ஐயா. மனசுல வச்சுக்கிடாதிய."

தாளை நாலாக மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார். யாரிடமாவது மறுபடி வாசிக்கக் கொடுப்பார், உண்மை தெரிந்துவிடும் என்று பல மாதம் எதிர்பார்த்தேன். அவர் கொடுக்கவில்லை. என்னை நம்பிவிட்டார். அதன்பிறகு வழியில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார். அதைத் தாங்கமுடியாமல் நான் வேறு சாலையில் நடக்க ஆரம்பித்தேன். கடைசியில் மாற்றல் கேட்டு எழுதினேன்.

ஒரு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. சாமான் ஏற்ற வண்டி அமர்த்திவரப் பியூனை அனுப்பினேன். விடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்றது அவர் வண்டி. ஐயாவுக்கு என்று சொன்னதும் தானே வருகிறேன் என்று சொன்னாராம். என் மனைவியையும் பிள்ளையையும் பத்திரமாக உள்ளே உட்காரவைத்து, பாயை உதறி விரித்து, என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பாதி வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் நிறுத்தினோம். அங்கே எதிரே வந்த இன்னொரு வண்டிக்காரர் இவரை அடையாளம் கண்டு, அந்த மரத்து வழக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

"அது போச்சு. எழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இந்தா, ஐயாதான் வாசிச்சுச் சொன்னாவ," என்று என்னைக் காட்டினார் இவர். "என் நேரம், தொரை படிக்கல."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பின்னால் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஒருநாள் அவளிடம் சொல்லியிருந்தேன். புது ஊர் போய்ச் சேரும்வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்காரர்தான் வழியெல்லாம் என்னோடு பேசிக்கொண்டு வந்தார். அங்கே பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் எப்படி, வீடு பார்த்தாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.